நாற்பத்தேழாவது கேள்வி

தேனிசையின் மார்புக்குள் இருந்த கருவி செத்துப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. தேனிசை சாகவில்லை. எங்கள் மருத்துவமனைக்கு அது பெரிய தர்மசங்கடமாகிவிட்டது.

நான் மங்கையர்க்கரசி. வார்டில் எல்லோருக்கும் அரசி மேடம். பதினோரு வருடங்களாக இந்த ஆய்வின் ஒருங்கிணைப்பாளர். படிவம் எழுதுவது, தாய்மாரிடம் கேள்வி கேட்பது, பதிலை டிக் செய்வது, விதியை மீறுகிறவர்களை அதட்டுவது எல்லாம் என் வேலை. அதட்டுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு.

உணவுக்குழாய் பாதியில் நின்றுபோய்ப் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். தொண்டையிலிருந்து இறங்கும் துண்டு முட்டுச்சந்தாக முடிந்துவிடும். வயிற்றிலிருந்து ஏறும் துண்டு கீழேயே நின்றுவிடும். இடைவெளி சிறிதென்றால் இழுத்துத் தைத்துவிடலாம். பெரிதென்றால்தான் பாடு. அப்படிப்பட்ட இருபத்து நான்கு குழந்தைகளை எங்கள் ஆய்வு எடுத்துக்கொண்டது. அவரவர் உடல் செல்லிலிருந்தே அவரவருக்கு ஒரு குழாய் வளர்த்தோம். அது வளர எட்டு மாதம் ஆகும். அதுவரை வயிற்றில் துளை போட்டு நேராகப் பால், எச்சில் வெளியேறக் கழுத்தோரம் இன்னொரு சிறு துளை. எட்டு மாதம் முடிந்ததும் குழாயை வைத்துத் தைத்து, கூடவே மார்புக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கருவியையும் வைப்போம். அதற்கு அலையூட்டி என்று பெயர்.

ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மார்பைத் திறந்து அதை மாற்ற வேண்டும். முதல் மாற்றத்தின்போது இரண்டு குழந்தைகள் அறுவை மேசையிலேயே போய்விட்டார்கள். மீதி இருபத்திரண்டு பேருக்கும் இப்போது பத்து வயது. அடுத்த மாற்றம் வந்துவிட்டது.

உடன்குடிப் பக்கத்திலிருந்து சுயம்புகனி தன் மகள் தேனிசையைக் கூட்டிக்கொண்டு தை மாதம் பரிசோதனைக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. கருவி முன்னமே நின்றிருந்தது. அதன் ஓட்டத்தைப் பதிந்து எங்களுக்கு அனுப்ப அவர்கள் வீட்டில் ஒரு பெட்டி வைத்திருந்தோம்; அதற்கு ஒரு தகவலும் போகவில்லை. தகவல் வராத நாட்களுக்குப் பெட்டியே பழைய சராசரியை எடுத்து நிரப்பிக்கொண்டது. அப்படித்தான் அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். பதினான்கு மாதமும் தேனிசையின் வரைபடம் அடிக்கோல் வைத்துப் போட்ட மாதிரி அழகாக இருந்தது. கூட்டத்தில் அதைக் காட்டி நான் பாராட்டுக்கூட வாங்கியிருக்கிறேன்.

"எனக்குள்ள இருக்கது செத்துப்போச்சுன்னா நான் எப்படித் திங்கேன்?" என்று தேனிசை என்னைக் கேட்டாள்.

"அதைத்தான் நாங்களும் கேட்டுட்டிருக்கோம்," என்றேன்.

"அது அப்படி என்னதான் செய்யும்?"

"குழாய் இருந்தா மட்டும் போதாதும்மா. சோறு தானா கீழ விழாது. குழாய் மேலேர்ந்து கீழே வரைக்கும் வரிசையா இறுக்கிப் பிடிச்சுத் தள்ளணும். நமக்கெல்லாம் அது பிறந்ததிலேர்ந்து பழக்கம். நீ எட்டு மாசம் விழுங்கவே இல்லை. அதனால உன் குழாய்க்கு அது தெரியாது. கருவிதான் தாளம் போட்டுச் சொல்லித் தரும்."

"எந்தச் சோத்துக்கு எந்தத் தாளம்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் தட்டைப் பெட்டிகிட்ட காட்டச் சொல்றோம். நானூத்திப் பன்னிரண்டு பண்டம் அதுக்குத் தெரியும். தெரியாததை உள்ள விடாது."

"போன பொங்கலுக்குப் பனங்கிழங்க எடுத்துத் தின்னேன். பெட்டி கத்திச்சு. கத்தட்டும்னு விட்டுட்டேன்," என்றாள்.

ஆய்வின் தலைவர் டாக்டர் ரகோத்தமன் இதைக் கேட்டதும் முகம் வெளுத்துப்போனார். அவரைக் கெட்டவர் என்று நினைத்துவிட வேண்டாம். இந்த இருபத்திரண்டு பேரும் உயிரோடு இருப்பதற்கு அவர் கைதான் காரணம். அந்தக் கைமேல் அவருக்கு இருந்த நம்பிக்கை கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

"அதிர்ஷ்டத்துல ஓடிட்டிருக்கு அரசி. எந்த வாய் எப்ப அடைக்கும்னு தெரியாது. அடுத்த வாரமே மாத்திடணும்," என்றார்.

சுயம்புகனி கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள்.

"ரெண்டு தடவ கீறியாச்சு. அஞ்சு வயசுல கீறும்போது பக்கத்துக் கட்டில் புள்ள திரும்பி வரல. அந்தத் தாய் நின்ன நிலைய நான் பாத்தேன். என் புள்ள நல்லாத் திங்கா, நல்லா ஓடுதா. செத்துப்போன மெஷினுக்காக உயிரோட இருக்க புள்ளயக் கீற விடமாட்டேன்," என்றாள்.

தாய் மறுத்தால் குழந்தையின் உயிரைக் காக்க ஆய்வை மேற்பார்க்கும் நெறிமுறைக் குழுவே உத்தரவு போடலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. வியாழக்கிழமை விசாரணை என்று நாள் குறித்தார்கள். அதுவரை தேனிசையை வார்டை விட்டு வெளியே விடக்கூடாது என்று என்னிடம் சொன்னார்கள். நானும் சரி என்றேன். பதினோரு வருடமாகச் சரி என்று சொல்லியே பழகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை மதியம் சுயம்புகனியிடமும் தேனிசையிடமும் மறுபடி கேள்விகள் கேட்டுக்கொண்டிருந்தேன். நேரமாகிவிட்டதால் அங்கேயே டிபன் பாக்ஸைத் திறந்தேன். எலுமிச்சைச் சாதம், உருளைக்கிழங்கு வறுவல். இரண்டாவது வாய் எடுக்கும்போது சுயம்புகனி மெல்லச் சொன்னாள்.

"மேடம், புள்ள பாக்கா. ஒரு வாய் குடுத்துட்டுத் தின்னுங்க. பாக்க வச்சுத் தின்னா ஒங்களுக்குத்தான் வயித்த வலிக்கும்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் வீட்டிலும் இதையே சொல்லித்தான் வளர்த்தார்கள். ஒரு கவளம் உருட்டிக் கொடுத்தேன். தேனிசை மென்றாள், விழுங்கினாள், இன்னொரு வறுவலையும் எடுத்துக்கொண்டாள். கருவியின் உதவி இல்லாத அந்தத் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் எனக்கு அந்தச் சந்தேகம் வந்தது.

"கனி, இவ கைக்குழந்தையா இங்க வார்டுல இருந்தப்ப, நீ எங்க உட்கார்ந்து சாப்பிடுவே?"

"எங்க போவேன்? இந்தக் கட்டில்லதான்."

"குழந்தை பார்த்திருக்குமே?"

"பாக்காம? கண்ணு ரெண்டும் என் கையிலதான் இருக்கும்."

"அப்ப என்ன செஞ்சே?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில், இதையெல்லாமா ஒருத்தி கேட்பாள் என்றிருந்தது. "இட்டிலியத் தண்ணியில கரைச்சு நாக்குல தடவுவேன். பெறவு பெறவு கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்தேன். சப்புக்கொட்டி முழுங்குவா. முழுங்குனது கழுத்து ஓட்டை வழியா வந்துரும். துணியால தொடச்சுருவேன். தினம் மூணு வேளையும் அப்படித்தான். எல்லாரும்தான் செஞ்சோம் மேடம். நீங்க ரவுண்ட்ஸ் வரும்போது துணிய மாத்திருவோம்."

நான் கைகூடக் கழுவாமல் ஓடிப்போய்ப் பழைய படிவத்தைத் தேடி எடுத்து வந்தேன். நாற்பத்தேழாவது கேள்வி: முதல் எட்டு மாதங்களில் குழந்தைக்கு வாய்வழியாக உணவு கொடுத்தீர்களா? இல்லை என்ற கட்டத்தில் டிக். டிக் போட்டது என் கை.

"இல்லைன்னு சொல்லியிருக்கியே கனி. ஏன் பொய் சொன்னே?"

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "பொய்யா? வயித்துக்குப் போகாதத எப்படி மேடம் சாப்பாடுன்னு சொல்ல? வந்த வழியே கழுத்துல வந்துட்டு. புள்ளைக்கு ருசி காட்டுனேன், அம்புட்டுத்தான். சாப்பாடு குடுத்தியான்னு கேட்டிய. குடுக்கலன்னேன்."



குழாய் வளர்க்கும் காலத்துக்கு முந்தைய மருத்துவர்கள், இந்தக் குழந்தைகளுக்கு வாயிலும் கொஞ்சம் ஊட்டச் சொல்வார்கள். வெளியே வந்தாலும் பரவாயில்லை, விழுங்கும் பழக்கம் விட்டுப்போகாது என்பார்கள். எங்கள் ஆய்வு அதைத் தடை செய்தது. குழந்தையின் தொண்டை வெற்றுத் தாளாக இருந்தால்தான் கருவியின் பலன் சுத்தமாகத் தெரியும் என்று காரணம் சொன்னோம். வாயில் எதுவும் வைக்கக்கூடாது என்ற பலகையை வார்டு வாசலில் மாட்டியவள் நான்தான். இருபத்து நான்கு தாய்மாரையும் ஒரே அறையில் எட்டு மாதம் தங்கவைத்தோம். குழந்தையின் பார்வை படுகிற இடத்தில் மூன்று வேளையும் அவர்கள் சோறு தின்ன வேண்டியிருக்கும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. பலகைக்குப் பயப்படுகிற தாயும், பார்க்க வைத்துத் தின்னப் பயப்படுகிற தாயும் ஒருத்திதான். எதற்கு அவள் அதிகம் பயப்படுவாள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை முழுக்கத் தொலைபேசியில் இருந்தேன். படிவக் கேள்வியைக் கேட்கவில்லை. "நீங்க சாப்பிட்டப்போ குழந்தை எங்க இருந்தது?" என்று மட்டும் கேட்டேன். பதிமூன்று பேர் சிரித்துக்கொண்டோ பயந்துகொண்டோ அதே கதையைச் சொன்னார்கள். பால்சோறு, பருப்புத் தண்ணீர், ஒருத்தி மீன் குழம்புகூட. எட்டுப் பேர் வாயில் எதுவும் வைக்கவில்லை என்று உறுதியாகச் சொன்னார்கள். இறந்துபோன இருவரின் தாய்மாரை அழைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

வைக்காதவர்களில் ஆரணி பிரபாவதியும் ஒருத்தி. அவள் மகள் ஆதிரைக்குக் கருவி ஒரு நிமிடம் தடுமாறினாலும் மூச்சு முட்டும். இரண்டு முறை அப்படி ஆகியிருக்கிறது.

"நான் குழந்தை எதிர்ல சாப்பிடவே மாட்டேன் மேடம்," என்றாள் பிரபாவதி. "பாக்க வச்சு சாப்பிடக்கூடாது. குடுக்கலாம்னா, குடுக்கக் கூடாதுன்னு போர்டு இருக்குது. அதனால வெளிய வராண்டாவுல போயி நின்னுக்கினு சாப்பிட்டு வருவேன். எட்டு மாசமும் அப்டிதான். இப்பக்கூட லிஸ்ட்டுல இல்லாதது எதுன்னாலும் அவளுக்குத் தெரியாமதான் துன்றேன். ஏன் கேக்கறீங்க?"

ஒரே பழக்கம்தான். ஒருத்தி கொடுத்தாள், ஒருத்தி எழுந்து போனாள். காரணத்தைச் சொன்னேன்.

"அப்போ நீங்க சொன்னத நான் கேட்டதால தான் எம்பொண்ணுக்கு இப்டியா?" என்று கேட்டாள்.

சுற்றிவளைக்க எனக்குத் தெரியும். பதினோரு வருடம் அதைத்தான் செய்தேன். அன்று முடியவில்லை. "ஆமாம்மா. நான் எழுதின விதிதான்," என்றேன். அவள் போனை வைத்துவிட்டாள்.

அன்று மாலை ரகோத்தமனிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது வெளிய போனா ஆய்வே செல்லாது அரசி. பத்து வருஷ உழைப்பு. நான் இல்லேன்னா இந்தப் பசங்க ஒருத்தரும் இருந்திருக்க மாட்டாங்க."

"உண்மைதான் சார்."

"அப்புறம்?"

"அவங்க அம்மாக்கள் இல்லேன்னாலும் இருந்திருக்க மாட்டாங்க. அதையும் எழுதணும்னு சொல்றேன்."

"நாளைக்கு நீங்க கூட்டத்துக்கு வர வேண்டாம்," என்றார் அவர்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சரி என்று சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் குழு கூடியது. தலைவர் வாகீஸ்வரி, ஓய்வு பெற்ற நீதிபதி. அலையூட்டி செய்கிற நிறுவனத்திலிருந்து நஸ்ரின் என்ற பொறியாளர் வந்திருந்தாள். ஒரு ஓரத்தில் சுயம்புகனியும் தேனிசையும். அழைக்காத விருந்தாளியாக நானும் போய் உட்கார்ந்தேன். ரகோத்தமன் என்னைப் பார்த்தார், தன் கோப்பைத் திறந்துகொண்டார்.

அவர் நன்றாகவே பேசினார். கருவி இல்லாத குழாய் என்பது ஓட்டுநர் இல்லாத வண்டி, இறக்கத்தில் கொஞ்ச தூரம் தானாக ஓடும், பிறகு கவிழும் என்றார். நான் என் பட்டியலைப் படித்தேன். தாய்மாரின் ஞாபகத்தைச் சான்றாக எடுக்க முடியாது என்று அவர் மறுத்தார். எடுக்கலாமா கூடாதா என்று குழு உறுப்பினர்கள் அரைமணி நேரம் வாதாடினார்கள். இந்தக் குழந்தையால் விழுங்க முடியுமா முடியாதா என்று ஐந்து பெரியவர்கள் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தபோது, நீதிபதியின் பார்வை ஒரு மூலையில் நின்றது.

"அந்தப் பாப்பா என்ன சாப்பிடறா?" என்றார்.

எல்லோரும் திரும்பினோம். பேச்சு அலுத்துப்போன தேனிசை, அம்மாவின் பையிலிருந்து அவித்த பனங்கிழங்கு ஒன்றை எடுத்து, தோலை உரித்து, நடுவிலிருந்த குருத்தை உருவிப் போட்டுவிட்டுப் பாதியைத் தின்று முடித்திருந்தாள். நானூற்றுப் பன்னிரண்டில் பனங்கிழங்கு கிடையாது. நல்ல தொண்டை உள்ளவனையே விக்க வைக்கிற பண்டம் அது.

ரகோத்தமன் பதறி எழுந்தார். "யாராவது சக்ஷன் மெஷின் கொண்டு வாங்க, உறிஞ்சி எடுக்கணும். கண்ணு, அதைத் துப்பு, துப்பு."

"சவைச்சுதான் முழுங்குதேன்," என்றாள் தேனிசை. பிறகு அறையில் இருந்த அத்தனை பேரும் தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். அவளுக்குச் சங்கடமாகிவிட்டது. கிழங்கை ஒடித்தாள். எழுந்து வந்து ஒரு துண்டை நீதிபதியிடமும் இன்னொன்றை ரகோத்தமனிடமும் நீட்டினாள்.

"பாக்க வச்சுத் திங்கக் கூடாது," என்றாள்.

வாகீஸ்வரி வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். இரண்டு முறை மென்றார். விழுங்கினார். உடனே விக்கல் எடுத்தது. தண்ணீர் தண்ணீர் என்று கையை ஆட்டினார். தேனிசை தன் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அவள் விக்கவில்லை. ரகோத்தமன் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தின்னவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

விக்கல் அடங்கியதும் நீதிபதி நஸ்ரினைப் பார்த்துக் கேட்டார். "எனக்கு ஒரு சாதாரண சந்தேகம்மா. விழுங்கத் தெரியாத குழந்தைக்குக் கருவி சொல்லித் தருது. சரி. கருவிக்கு யார் சொல்லித் தந்தாங்க?"

"ஆரம்பத்துல அதுக்கும் சரியா வரலை மேடம்," என்றாள் நஸ்ரின். "முதல் ஆறு மாசம் எல்லாக் குழந்தைகளையும் பதிவு பண்ணினோம். அதுல சில குழந்தைங்க ரொம்ப நல்லா விழுங்கினாங்க. சிறந்த அஞ்சு பேரோட அலையை எடுத்துக் கலந்து, அதையே எல்லாக் கருவிக்கும் ஏத்தினோம். இப்ப ஓடறது அதுதான்."

"எந்த அஞ்சு பேர்?"

நஸ்ரின் தன் திரையைப் பார்த்துப் படித்தாள். "மூணு, ஏழு, பதினொண்ணு, பதினாறு, இருபது."

என் பட்டியல் மடியில் இருந்தது. பார்க்கத் தேவையே இருக்கவில்லை. இருந்தாலும் ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தேன். ஐந்தும், கனியையும் சேர்த்து, வாயில் ஊட்டிய அந்தப் பதினான்கு தாய்மாரின் குழந்தைகள். ஏழாம் எண் தேனிசை. பிரபாவதியின் மகளுக்குள் ஒன்பது வருடமாக ஓடிக்கொண்டிருந்த தாளம், சுயம்புகனி இட்லியைக் கரைத்து ஊட்டிப் பழக்கிய தாளம். அதைச் சத்தமாகச் சொன்னேன். என் குரல் நடுங்கியது, நடுங்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சுயம்புகனிக்கு எண்கள் புரியவில்லை. "என்ன மேடம் சொல்லுதாவ?" என்று கேட்டாள்.

"மெஷினுக்கு விழுங்கக் கத்துக்கொடுத்ததே உன் பொண்ணுதான்னு சொல்றாங்க," என்றேன்.

"அத மொதல்லயே சொல்லிருக்கலாம்லா," என்றாள் அவள்.

அறுவைக்கு உத்தரவு கிடையாது என்று குழு முடிவு செய்தது. மற்றக் குழந்தைகளுக்கும், கருவியைக் கண்காணிப்போடு நிறுத்திப் பார்க்காமல் யார் மார்பையும் திறக்கக்கூடாது என்றது. என்னை ஆய்விலிருந்து விடுவித்துக் கடிதம் வந்தது. காரணம்: ஆய்வுத் தலைவரின் அனுமதியின்றித் தாய்மாரிடம் கேள்வி கேட்டது. அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூடப் பொய் இல்லை.

மறு வாரம் என் சாமான்களை எடுக்கப் போனபோது, வார்டில் பிரபாவதி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், கருவியை நிறுத்திப் பார்க்க வந்திருந்த ஆதிரை. எதிர்க் கட்டிலில் கால்களை ஆட்டிக்கொண்டு, இன்னும் ஊர் திரும்பாத தேனிசை.

பிரபாவதி எழுந்திருக்கவில்லை. "உங்கமேல எனக்கு இருக்கிற கோவம் சாவற வரைக்கும் போகாது," என்றாள்.

"போக வேண்டாம்," என்றேன்.

"இப்பக் கத்துக்கலாம்ல? பத்து வயசாயிடுச்சுன்னு கதவ சாத்திடாதீங்க. அந்தப் பொண்ணு மெஷினுக்கே கத்துக்குடுத்திருக்குது. எம்பொண்ணுக்குக் குடுக்காதா?"

"முடியும்னு எனக்குத் தெரியாது பிரபா. முடியாதுன்னு இனிமே நான் எழுத மாட்டேன்."

நஸ்ரின் கருவியை இருபது நொடி நிறுத்தி வைக்க ஒரு வழி செய்து கொடுத்திருந்தாள். செவிலியர் பக்கத்திலேயே நின்றார். தேனிசை தொண்டையைத் தொட்டுக் காட்டி, இங்க பிடி, பெறவு இங்க என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஆதிரை வெறும் எச்சிலை விழுங்கினாள். இருமினாள். மறுபடி விழுங்கினாள்.

மணி ஒன்றானது. பிரபாவதி கூடையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தாள். முருங்கைக்காய்ச் சாம்பார் சாதம். மூடியைத் திறந்ததும் வாசனை வந்தது. அது பட்டியலில் இல்லாதது. பத்து வருடப் பழக்கத்தில் அவள் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வராண்டாவைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.

ஆதிரை அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்கயே சாப்புடும்மா. நான் பாக்கணும்," என்றாள்.

பிரபாவதி திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். சாதத்தை விரலால் மசித்து, நுனியில் கொஞ்சமாக எடுத்தாள்.

"ஆ காட்டு," என்றாள்.